சீருடை வாடகைக்கு: பெர்லினில் ஒரு நல்ல கடை

ஒரு மாணவர் குறும்படம். 1943-இல் ஒரு ஜெர்மன் ரயில் நிலையம். உடைப் பொறுப்பு என்னுடையது. பெர்லினில் சினிமா உடைகளை வாடகைக்கு விடும் பழைய கடை ஒன்றில்தான் எல்லாவற்றையும் எடுத்தோம். போர்க்காலக் கதை எடுப்பவர்கள் தயங்காமல் அங்கே போகலாம்.

"ரயில்வே காவலர் உடை வேண்டும்" என்றதும், "எந்தக் காவலர்?" என்று திருப்பிக் கேட்டார் அங்கிருந்த அம்மா. நியாயமான கேள்வி. அன்றைய நடைமேடையில் கருநீல உடையில் ரைஷ்பான் (ஜெர்மன் அரசு ரயில்வே) ஊழியர் நிற்பார். ரயில்வேயின் சொந்தக் காவல் படையான பான்ஷுட்ஸ் ஆட்களும் இருப்பார்கள். கழுத்துச் சங்கிலியில் உலோகத் தகடு தொங்க, ராணுவத்தின் நிலையக் காவலர் தனி. சினிமாவில் பெரும்பாலும் எல்லாரையும் ஒரே சாம்பல் நிறத்தில் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

ஊழியர் கோட்டின் இடது கையில் மஞ்சள் நூலில் நெய்த கழுகு, கூடவே 'ஆர்பிடி பெர்லின்' என்று கோட்டத்தின் பெயர். தொப்பியில் சிறகு வைத்த சக்கரம். முழங்கைத் துணி தேய்ந்து பளபளத்தது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, புதுத் தையலில் அந்தத் தேய்மானம் வரவே வராது.

கதையில் யூதர்களை நாடுகடத்தும் ரயில் ஒன்று வருகிறது. அதற்குக் காவலாக பான்ஷுட்ஸ் ஆட்களை எழுதியிருந்தார் இயக்குநர். அந்த அம்மா அதற்குப் பதிலாக ஒழுங்குக் காவல்துறையின் பச்சை உடைகளை எடுத்து வைத்தார். ஜெர்மனியிலிருந்து கிளம்பிய அத்தகைய ரயில்களில் காவலுக்கு வழக்கமாகப் போனது அந்தச் சீருடைப் போலீஸ்தான்: ஓர் அதிகாரி, 15 பேர். அதற்காக ரயில்வேக்காரர்களுக்குப் பங்கில்லை என்று ஆகாது. வண்டி ஓட்டியதும் அட்டவணை போட்டதும் அவர்கள்தான். ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் சில்லறைக் காசு), 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி என்று கட்டணமும் வாங்கினார்கள். அதனால் கருநீலக் கோட்டுக்காரரை, துப்பாக்கி இல்லாமல், கையில் காகிதங்களோடு முன்னால் நிறுத்தினோம். படத்தின் மிகச் சரியான காட்சி அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆயுத விஷயத்தில் கடை கொஞ்சம் சுமார். பான்ஷுட்ஸ் பெல்ட்டோடு வந்த உறை ராணுவப் பிஸ்டலுக்கானது. ரயில்வே காவலர்களிடம் இருந்தவை 7.65 மில்லிமீட்டர் சின்னப் பிஸ்டல்கள், அந்த உறைக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடும். எம்பி 40 என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி வேண்டுமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சினிமாதான் அதை எல்லார் கையிலும் கொடுத்து வைத்திருக்கிறது.

சட்ட விஷயத்தில் கச்சிதம். ஸ்வஸ்திகா உள்ள சின்னங்களை ஜெர்மனியில் பொது இடத்தில் காட்டுவது குற்றம். கலைக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு. எல்லாச் சின்னத்தின் மேலும் துணி ஒட்டித்தான் தந்தார்கள். போலித் துப்பாக்கிகள் பூட்டிய பெட்டியில் வந்தன.

44-க்கு மேல் பூட்ஸ் குறைவு. பெரிய பாதம் உள்ள நடிகர் இருந்தால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அப்படியே சின்னப் பிஸ்டலுக்கான உறையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.