குரல் எச்சரிக்கை அமைப்பில் வாக்கி-டாக்கி இணைத்தவர்கள் எங்கள் ஆலையில் செய்த வேலை

சிங்கப்பூரில் செனோக்கோ, உட்லண்ட்ஸ், துவாஸ் பக்கம் தொழிற்சாலையோ கிடங்கோ பார்த்துக்கொள்ளும் நம்மவர்கள் இதைப் படித்தால், தீ நேரத்தில் ஒலிபெருக்கிகளில் ‘வெளியேறுங்கள்’ என்று அறிவிக்கும் உங்கள் கட்டடத்தின் குரல் எச்சரிக்கைப் பேனலை இந்த வாரமே திறந்து காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, சமீபத்தில் யாராவது அதில் வாக்கி-டாக்கி இணைப்புக் கொடுத்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் பேனலில் எல்லாம் சரி என்று மாதக்கணக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவு நாளும் லெவல் 2-இல் பாதி ஸ்பீக்கர்களில் உயிரே இல்லை.

நான் வேலை செய்வது மசாலாப் பொடி அரைத்துப் பொட்டலம் கட்டும் ஆலையில். கட்டடப் பராமரிப்பும் பாதுகாப்பும் என் பொறுப்பு. கீழே லாரி ஏற்றி இறக்கும் இடம், லெவல் 2-இல் அரைக்கும் பகுதி, அதற்கு மேலே பேக்கிங், அலுவலகம். மிளகாயும் மல்லியும் அரைபடும் இடத்தில் பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காது, எல்லோரும் காதுமூடி போட்டிருப்பார்கள். உலர்ந்த நுண்தூள் காற்றில் நிறையப் பறக்கும்போது ஒரு தீப்பொறி விழுந்தால் வெடிக்கும். அதனால் எங்களுக்கு இந்தக் குரல் அறிவிப்பு சம்பிரதாயத்துக்கு வைத்த பொருள் கிடையாது. புதுக்கோட்டையிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகள் உயிரோடு கீழே இறங்குவதற்கான வழி அது.

நாங்கள் கேட்டது இரண்டு விஷயம். தீ அலாரம் அடித்து, ‘வெளியேறுங்கள்’ என்ற அறிவிப்பு ஓடும்போது, அது தீத்தடுப்புப் பொறுப்பாளர்களின் வாக்கி-டாக்கியிலும் கேட்க வேண்டும். சாதாரண நேரத்தில், கீழே இருக்கும் சூப்பர்வைசர் வாக்கி-டாக்கியில் பேசினால் கட்டட ஒலிபெருக்கியில் வர வேண்டும். நியாயமான தேவைதான், முறையாகச் செய்யவும் முடியும்.

அலுவலகம் மூன்று இடத்தில் குவொட்டேஷன் வாங்கியது. வேலையைப் பெற்ற நிறுவனத்தின் குவொட்டேஷனில் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது: எஸ்எஸ் 299 என்ற சிங்கப்பூர்த் தரத்திலான தீ தாங்கும் கேபிள், கண்காணிப்புடன் கூடிய இணைப்புப் பெட்டி, வேலை முடிந்ததும் சோதனை அறிக்கை. ஏழாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. வந்தவர் தமிழர், பேச்சும் அன்பாகத்தான் இருந்தது. “அண்ணே, நம்மாளுங்களுக்குள்ள என்ன இருக்கு, கவலையே படாதீங்க” என்றார். வேலை முடிந்த அன்று வாக்கி-டாக்கியில் பேசிக் காட்டினார், நான்கு மாடியிலும் குரல் வந்தது. சோதனை அறிக்கையில் எல்லா வரியிலும் ‘சரி’ என்று குறித்திருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

அவர்கள் செய்த வேலையின் ஆபத்து புரிய வேண்டுமானால் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஆம்ப்ளிஃபையரிலிருந்து 100 வோல்ட் லைன் இரண்டு போகும், ஏ என்றும் பி என்றும். கூரையில் இருக்கும் ஸ்பீக்கர்களை ஏ, பி, ஏ, பி என்று சடை பின்னுகிற மாதிரி மாற்றி மாற்றிச் சேர்த்திருப்பார்கள். தீயில் ஒரு லைன் கருகிப் போனாலும் அடுத்த லைன் பேசும். எங்கள் பேனலின் வகையில், ஒவ்வொரு லைனுக்கும் கடைசி ஸ்பீக்கரில் ஒரு சின்ன ரெசிஸ்டர், அதாவது மின்தடை, இருக்கும். பேனல் மெல்லிய மின்னோட்டம் ஒன்றை அனுப்பி, அந்த ரெசிஸ்டர் இன்னும் அங்கே இருக்கிறதா என்று ராப்பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். வழியில் எங்கே ஒயர் அறுந்தாலும் ரெசிஸ்டர் அதன் கண்ணில் படாது. உடனே மஞ்சள் விளக்கு எரியும், பஸ்ஸர் கத்தும்.

அடுத்து நடந்த தீப் பயிற்சியில்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லோரும் கூடுமிடத்துக்கு வந்துவிட்டார்கள், லெவல் 2-இன் கடைசி மூலையில் வேலை செய்யும் இருவரைத் தவிர. மேலே போனால், அவர்கள் மூட்டையைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

“தம்பி, அறிவிப்பு கேக்கலையா?”

“இல்லண்ணே. மெஷின நிறுத்துனப்புறம் ஏதோ லேசா கேட்டுச்சு. மேல லெவல் 3-ல பேசுறாங்கன்னு நெனச்சேன்.”

அதே பயிற்சியில் வாக்கி-டாக்கியும் கைவிட்டது. கீழே தலை எண்ணிக்கொண்டிருந்த பொறுப்பாளர், இரண்டு பேர் குறைகிறது என்று சொல்லப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். சேனல் முழுக்க ‘வெளியேறுங்கள், வெளியேறுங்கள்’ என்ற பதிவுக் குரலே ஓடியதால் அவர் பேச்சு யாருக்கும் போகவில்லை. கடைசியில் ஓடி வந்து வாயால் சொன்னார்.

அமைப்பை முதலில் நிறுவிய நிறுவனத்தின் பொறியாளரை அழைத்தோம். அவர் பேனல் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தார். லெவல் 2-க்கான பி டெர்மினலில், அதாவது பி லைனின் ஒயர் மாட்டும் முனையில், ஸ்பீக்கர் ஒயர் இல்லை. அந்த இரண்டு திருகுகளுக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர், கால்கள் வளைக்கப்பட்டு நேராகச் சொருகியிருந்தது. பிறகு ஏணி போட்டுக் கூரைப் பலகையைத் தூக்கி, பி லைனின் கடைசி ஸ்பீக்கரைப் பார்த்தோம். அங்கே ரெசிஸ்டரைக் காணோம். அதைக் கழற்றிக் கொண்டுவந்துதான் பேனலில் மாட்டியிருக்கிறார்கள்.

காரணம் கேபிள் செலவு. பேனல் கீழே காவலாளி அறையில் இருக்கிறது. ரேடியோவை லெவல் 2 சூப்பர்வைசர் அறையில் வைத்தார்கள். நடுவே தீ தாங்கும் கேபிள் புதிதாக இழுக்க வேண்டும், அதற்குத்தான் காசு வாங்கினார்கள். இழுக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பி லைன் கேபிளைப் பாதியில் வெட்டி, அதையே ரேடியோவுக்குத் திருப்பிவிட்டார்கள். வெட்டிய மறுமுனையில் கறுப்பு டேப் சுற்றிக் கூரைக்குள் தொங்கவிட்டிருந்தார்கள். வெட்டிய உடனே பேனல் மஞ்சள் காட்டியிருக்கும், பஸ்ஸர் கத்தியிருக்கும். அதை அடக்கத்தான் ரெசிஸ்டர் இடம் மாறியது. கவனக்குறைவில் யாரும் இப்படிச் செய்ய முடியாது. அந்த ரெசிஸ்டர் எதற்காக இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்த கை செய்த வேலை. ஏ லைன் பேசிக்கொண்டிருந்ததால் சாதாரண நேரத்தில் குரல் வரத்தான் செய்தது, சற்று மெலிதாக. இயந்திரச் சத்தத்தில் அந்த வித்தியாசத்தை யார் கண்டுபிடிப்பது?

ரேடியோ பக்கம் இன்னும் மோசம். கண்காணிப்புடன் கூடிய இணைப்புப் பெட்டி என்று எழுதிய இடத்தில் இருந்தது மலிவான கை ரேடியோ ஒன்று, சார்ஜரில் உட்கார்ந்தபடி. அதன் காதணி ஓட்டையில் ஒரு ஒயரைச் சொருகிக் கேபிள் டையால் கட்டியிருந்தார்கள். சிங்கப்பூரில் முறையாக விற்கப்படும் ரேடியோவில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தரத்துக்கு உட்பட்டது என்ற முத்திரையும் விற்பனையாளர் உரிம எண்ணும் இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. நாங்கள் உரிமத்தோடு பயன்படுத்தும் அலைவரிசையை இந்தப் பெயர் தெரியாத கருவியில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

அந்த ரேடியோவில் பொத்தானை அழுத்தும் வேலையைக் குரலே செய்யும்படி வைத்திருந்தார்கள். சத்தம் வந்தால் தானாக ஒலிபரப்பும், சத்தம் நின்றால் நிறுத்தும். இந்த முறையில் முதல் சொல் எப்போதும் பாதி விழுங்கப்படும், ஏனென்றால் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ரேடியோ விழிக்கிறது. அது கூடப் பரவாயில்லை. வெளியேறும் அறிவிப்பு இடைவெளி விடாமல் திரும்பத் திரும்ப ஓடுவதால், ரேடியோ ஒலிபரப்பை நிறுத்தவே நிறுத்தாது. தீ நேரத்தில் பொறுப்பாளர்கள் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய ஒரே சேனலை அது அடைத்துக்கொள்ளும். கை ரேடியோ அப்படி விடாமல் பேசுவதற்குச் செய்யப்பட்டதும் இல்லை. அதன் பேட்டரிக் கணக்கே நூற்றில் ஐந்து பங்கு பேச, ஐந்து பங்கு கேட்க, தொண்ணூறு பங்கு சும்மா இருக்க என்றுதான் போடுவார்கள். பயிற்சி முடிந்து தொட்டபோது எங்கள் ரேடியோ சுட்டது.

எதிர்த் திசையில், ரேடியோவில் வரும் குரலைச் சாதாரண மெல்லிய வெள்ளை ஒயர் வழியாக ஒலிபெருக்கியில் விட்டிருந்தார்கள். எங்கள் ரேடியோக்கள் கூடவே அனுப்பும் ஒரு தொனி வந்தால் மட்டும் திறக்கும்படி எதையும் அமைக்கவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் கிரேனை இறக்கச் சொல்லும் குரல் எங்கள் பேக்கிங் பகுதியில் கேட்டது. ஒப்பந்தக்காரரிடம் சொன்னபோது, “அது நார்மல்ணே, சில நேரம் அப்படி வரும்” என்றார். யாரோ ஒருவர் அதே அலைவரிசையில் ‘நெருப்பு’ என்று கத்தியிருந்தால் எங்கள் ஆட்கள் படிக்கட்டில் முண்டியடித்திருப்பார்கள்.

பழுதைச் சரிசெய்த பொறியாளர் எப்படிச் செய்தார் என்பதையும் சொல்கிறேன், குவொட்டேஷன் பார்க்கும்போது உங்களுக்கு உதவும். ஸ்பீக்கர் லைனில் அவர் கையே வைக்கவில்லை. பேனலில் இதற்கென்றே இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தொடர்பிலிருந்து தனிக் கேபிள் இழுத்தார். அது ஒரு இணைப்புப் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்குள் தனியாக ஒரு குறுஞ்செய்தி பதிவாகியிருக்கிறது. அலாரம் வந்ததும் பெட்டி முதலில் ரேடியோவின் பேசும் பொத்தானை ரிலேயால் அழுத்தும், சுமார் ஒரு விநாடி காத்திருக்கும், பிறகு செய்தியை ஒருமுறை சொல்லி சேனலை விட்டுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி சொல்லும். இடைவெளியில் பொறுப்பாளர்கள் பேசிக்கொள்ளலாம். கை ரேடியோவுக்குப் பதில் நிலையான ரேடியோ, அதற்குத் தனிப் பேட்டரி. ஒலி ஒயரில் நடுவே, நேரடி மின்தொடர்பைப் பிரித்து ஒலியை மட்டும் கடத்தும் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார். முன்பு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் அன்றோடு போனது. ரேடியோவிலிருந்து வரும் பேச்சுக்கு ஆகக் கீழான முன்னுரிமைதான். தீ அறிவிப்பு வந்த கணமே அது வெட்டுப்படும். கடைசியில் ரேடியோ இணைப்பை முழுக்கப் பிடுங்கிவிட்டு அலாரத்தை ஓட்டிக் காட்டினார். நான்கு மாடியிலும் அறிவிப்பு ஒரு குறையும் இல்லாமல் கேட்டது.

பழைய ஒப்பந்தக்காரரை அழைத்துப் படங்களைக் காட்டினேன். “சத்தம் வந்துச்சுல்லண்ணே, ரிப்போர்ட்ல உங்க ஆபீஸ் கையெழுத்தும் இருக்கு” என்றார். இரண்டு பேர் மேலேயே நின்றதைச் சொன்னேன். “டிரில்தானே” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனோம். சேவை ஒப்பந்தம் தொடர்பாக 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, விண்ணப்பம் இணையத்திலேயே. எங்களுக்குக் கைகொடுத்தவை குவொட்டேஷனும், தேதியோடு எடுத்த படங்களும், பொறியாளரின் எழுத்துமூல அறிக்கையும். ரெசிஸ்டரைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்திருந்தோம். ஆத்திரத்தில் முதலில் சரிசெய்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. முதல் சந்திப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள், மீதிக்கு விசாரணை பாக்கியிருக்கிறது.

உங்கள் இடத்தில் பார்க்க வேண்டுமானால் பராமரிப்பு நிறுவனத்தை வரச்சொல்லுங்கள், நீங்களாகப் பேனலில் கை வைக்காதீர்கள். உங்கள் அலாரம் கண்காணிப்பு நிறுவனத்துடன் இணைந்திருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நிற்கும். ஒவ்வொரு லைனிலும் கடைசி ஸ்பீக்கரில் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். பேனல் மஞ்சளுக்கு மாறியே ஆக வேண்டும். மாறவில்லை என்றால் கண்காணிப்பு வேலை செய்யவில்லை, அல்லது யாரோ அதை ஏமாற்றி வைத்திருக்கிறார்கள். ஏ லைனை மட்டும், பி லைனை மட்டும் தனித்தனியே பேசவிட்டு, இயந்திரங்கள் ஓடும்போது மூலையில் நின்று கேளுங்கள். அறிவிப்பு ஓடும்போதே ஒருவரை வாக்கி-டாக்கியில் பேசச் சொல்லுங்கள். புதிதாக இணைப்புக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், குரல் அறிவிப்பு அமைப்புகளுக்கான எஸ்எஸ் 546 விதித்தொகுப்பைத் தெரிந்த, பதிவுபெற்ற பொறியாளரை வைத்து ஆரம்பியுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் அனுமதி தேவைப்படும் வேலையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அதே நிறுவனம் வேலை செய்த இன்னொரு கிடங்கின் பராமரிப்பாளர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் சொன்னேன், அன்று மாலையே ஆளை வரவழைத்துப் பேனலைத் திறந்து படம் அனுப்பினார். அங்கேயும் பி டெர்மினலில் ரெசிஸ்டர் சொருகியிருந்தது. அவர்களும் இப்போது புகார் தயார்செய்துகொண்டிருக்கிறார்கள்.