சவுத்வெஸ்டின் மூன்று சிரிப்பு விளம்பரங்கள்: எது பழசாகாது?

விளம்பரம் எழுதக் கற்பவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்ட, குறைந்த கட்டண விமானங்களின் நகைச்சுவை விளம்பரம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. 1971-ல் டெக்சாஸுக்குள் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸிடமே மூன்று வகை கிடைத்தது. அவற்றில் நான் எடுத்தது ‘வான்னா கெட் அவே’ (எங்காவது ஓடிவிடலாமா?).

முதல் வகை, போட்டியாளருக்குப் பதிலடி. சவுத்வெஸ்டில் பறப்பதே வெட்கக்கேடு என்று அமெரிக்கா வெஸ்ட் நிறுவனம் கிண்டலடித்தது. உடனே சவுத்வெஸ்ட் தலைவர் ஹெர்ப் கெல்லெஹர், தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு டிவியில் வந்தார். வெட்கப்படுபவர்களுக்கு இந்தப் பையைத் தருகிறோம், வெட்கமில்லை என்றாலும் தருகிறோம், எங்களோடு பறந்து மிச்சம் பிடிக்கும் பணத்தைப் போட்டு வைக்கலாம் என்றார். பிரமாதமான பதிலடி. ஆனால் அமெரிக்கா வெஸ்ட் 2005-ல் யூ.எஸ். ஏர்வேஸோடு இணைந்துவிட்டது. இன்று பார்ப்பவருக்கு முன்கதையைச் சொன்னால்தான் அந்தப் பை புரியும்.

இரண்டாவது, சலுகையையே சிரிப்பாக்குவது. 2008-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், விமானத்தில் ஏற்ற ஒப்படைக்கும் முதல் பெட்டிக்கு 15 டாலர் கேட்க, மற்றவையும் பின்தொடர்ந்தன. சவுத்வெஸ்ட் கேட்கவில்லை. ‘பேக்ஸ் ஃப்ளை ஃப்ரீ’ (பெட்டிகளுக்குக் கட்டணமில்லை) என்று விமானத்தளப் பெட்டித் தொழிலாளர்களையே நடிக்க வைத்து, வயிற்றில் எழுத்தெழுதிக் காட்டவிட்டார்கள்.

மூன்றாவதுதான் 1998-ல் ஆஸ்டினின் ஜி.எஸ்.டி அண்ட் எம் ஏஜென்சி தொடங்கிய ‘வான்னா கெட் அவே’. விருந்துக்கு வந்த வீட்டில் ஒரு பெண் குளியலறை மருந்து அலமாரியைத் திறந்து நோட்டம் விடுகிறார். தட்டுகள் சரிந்து உள்ளே இருந்ததெல்லாம் தடதடவென்று கொட்டுகிறது. எங்காவது ஓடிவிடலாமா என்று ஒரு குரல் கேட்கிறது. அதுவரை விமானமே இல்லை. அதன்பிறகுதான் கட்டணமும், சீட் பெல்ட் விளக்கு அணையும்போது வருகிற அந்த ‘டிங்’கும்.

என் தேர்வைத் தீர்மானித்தது ஆயுள்தான். விமானத் தொழிலில் கட்டணம், வழித்தடம், சலுகை எதுவும் நிலையில்லை. சிரிப்பை அவற்றின்மேல் கட்டினால், அவை மாறும் நாளில் சிரிப்பும் போய்விடும். சவுத்வெஸ்டுக்கே அது நடந்தது. 2025 மே 28 முதல் பதிவான டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலான பயணிகளிடம் பெட்டிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது: முதல் பெட்டிக்கு 35 டாலர், இரண்டாவதற்கு 45. அன்றிலிருந்து அந்தப் பழைய விளம்பரங்கள் நிறுவனத்துக்கு எதிரான சாட்சி. ரசித்துச் சிரித்தவரே இப்போது அதைப் போட்டுக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.

அலமாரி சரிவதற்கு அந்த ஆபத்து இல்லை. சங்கடத்தில் நெளியும் மனிதரைப் பார்த்தால் எந்தக் காலத்திலும் சிரிப்பு வரும். கதையும் கட்டணமும் ஒட்டாமல் தனித்தனியாக இருப்பதால், கட்டணம் மாறினால் கடைசிச் சில நொடிகளை மட்டும் மாற்றினால் போதும். முன்னால் உள்ள காட்சியைத் தொடவே வேண்டாம். குறைந்த கட்டண நிறுவனத்துக்குத் தயாரிப்புச் செலவு முக்கியமில்லையா? அதோடு, திடீரென்று கிளம்பத் தோன்றும் ஆசைக்கும் மலிவான டிக்கெட்டுக்கும் இருக்கும் உறவை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. இதை எழுதுவது கஷ்டம்.

ஒன்று சொல்ல வேண்டும். இவற்றை நான் இணையத்தில், அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தவன். விளையாட்டு ஒளிபரப்பின் நடுவே பலமுறை வந்தபோது மருந்து அலமாரிக் காட்சி சலித்திருக்கவும் கூடும். எது அதிக டிக்கெட் விற்றது என்ற கணக்கிலும் நான் இறங்கவில்லை.

போட்டியாளர் யாரும் தராத ஒன்றை நீங்கள் இன்று தருகிறீர்கள், அதை உடனே ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றால் பெட்டி விளம்பரத்தின் பாணியே சரி. அந்தச் சலுகையை எத்தனை வருடம் தருவீர்கள் என்று மட்டும் எழுதுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.