மொபைலில் மாட்டும் மாக்ரோ லென்ஸ்: செடிப் பூச்சி பார்க்க உதவுமா?

செடியில் ஊர்வது என்ன பூச்சி என்று தெரியாமல் விழித்த கடுப்பில்தான் இந்த கிளிப் லென்ஸை வாங்கினேன், மூன்று மாதம் ஆகிறது. அட்டையில் பத்து மடங்கு என்று போட்டிருந்தது. அது சரியா என்று அளக்கத் தெரியாது, ஆனால் அசுவினிப் பூச்சியின் முதுகுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிக் குழாய்கள் தெரிகின்றன, எனக்கு அது போதும்.

முதலில் குறை. பூச்சிக்கு இரண்டு விரற்கடை நெருங்கினால்தான் ஃபோகஸ் ஆகும், அதற்குள் தும்பி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் பறந்துவிடும். கண் பளிச்சென்று இருந்தால் கால் மங்கிவிடும். மொபைல் கவரைக் கழற்றாமல் கிளிப் உட்காராது. காற்று அடித்தால் மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். போட்டோவை விட, வீடியோ எடுத்து அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், மாவுப்பூச்சிதான் காரணம். செம்பருத்தித் தண்டில் வெள்ளை வெள்ளையாக இருந்ததை எல்லாம் சோப்புத் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் லென்ஸில் பார்த்தால், அதில் கொஞ்சம் பெரிதாக இருந்த ஒன்றுக்கு மட்டும் மெழுகுத் திரி மாதிரி நீள நீளமாக வெள்ளை இழை, மற்றவை அப்பிக் கிடக்க இது விறுவிறுவென்று நடக்கிறது. நடந்துபோய் பஞ்சு போன்ற முட்டைப் பைக்குள் தலையை விட்டுத் தின்னத் தொடங்கியது! அது மாவுப்பூச்சியே இல்லை, அதைத் தின்னும் கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழு. எத்தனையைத் துடைத்து எறிந்தேனோ.

இன்னொரு நாள் கட்டெறும்பு என்று நினைத்தது சிலந்தியாக இருந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கும், வெறும் கண்ணுக்கு ஆறு கால்தான் தெரியும், லென்ஸில் எண்ணினால் எட்டு. முகத்தில் இரண்டு பெரிய கண் வேறு நம்மையே பார்க்கும். தேனீ வேடம் போட்ட ஈயும் இப்படித்தான் மாட்டியது: தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான், கொம்பும் கட்டை. மரவட்டையா பூரானா என்பதற்கு லென்ஸே வேண்டாம் என்பார்கள், ஆனால் குட்டியாக இருந்தால் வேண்டும்: உடல் வளையம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கால் இருந்தால் மரவட்டை, ஒரு ஜோடி என்றால் பூரான்.

இலைக்கு அடியில் இருக்கும் சிவப்புச் சிலந்திக்கு மட்டும் இது பத்தவில்லை. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும் அது, புள்ளி நகர்வது தெரிகிறது, கால் எண்ண முடியவில்லை. (அதன் குஞ்சுக்கு ஆறு கால்தான், எண்ணினாலும் குழப்பம்தான்.) ஐந்துக்கு நான்கு. கிளிப்பின் ரப்பர் இப்போதே ஒரு பக்கம் பிய்ந்து வருவதால் அரை மதிப்பெண்ணைக் குறைக்கலாமா என்று யோசிக்கிறேன்.