ஸ்கூபா ஹார்னஸுக்கு இரண்டு இன்ச் நாடா: நாலு வாங்கிப் பார்த்ததில்

ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கிற பிரிவில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். நூலோ, நாடாவோ, லைனிங்கோ, எது கைக்கு வந்தாலும் முதலில் மடித்துப் பார்ப்பேன், அப்புறம் ஓரத்தை நகத்தால் கீறுவேன். ஸ்கூபா டைவிங் நாலு வருஷமாகத்தான். பாண்டிச்சேரிக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். போன வருஷம் சொந்தமாக ஒரு ஸ்டீல் பேக்ப்ளேட் வாங்கினேன். சிலிண்டரைத் தாங்கி முதுகில் நிற்கும் அந்தத் தகட்டை உடம்போடு சேர்த்துக் கட்டுகிற நாடாவை நானே தேர்ந்தெடுக்கலாம் என்று இறங்கினேன்.

இந்த நாடாக் கட்டுக்குத்தான் ஹார்னஸ் என்று பெயர். இதில் தையலே கிடையாது. ஒரே நீள நாடா இடது இடுப்பில் தொடங்கி, தகட்டின் துளை வழியாகத் தோளில் ஏறி, கழுத்துக்குப் பின்னால் நுழைந்து, மறு தோளில் இறங்கி வலது இடுப்பில் முடியும். ஃப்ளோரிடாவில் குகைகளுக்குள் டைவ் செய்த வில்லியம் ஹோகார்த் மெயின் பெயரை வைத்து இதை ஹோகார்த்தியன் என்பார்கள். கோவணம் மாதிரி கால்களுக்கு நடுவே வரும் பட்டை மட்டும் தனி. அகலம் 2 இன்ச். என் உடம்புக்கு மூன்றரை மீட்டர் பிடித்தது.

முதலில் போனது வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு பை சாமான் கடைக்கு. "பாய், ரெண்டு இன்ச் நைலான் பெல்ட் இருக்கா?" என்றேன்.

"ஸ்கூல் பைக்கா தம்பி?"

"இல்ல பாய், கடலுக்குள்ள கட்டிட்டுப் போக."

பாய் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இரண்டு சுருளை எடுத்துப் போட்டார். ஒன்றின் நுனி நூலைப் பிரித்துத் தீக்குச்சி காட்டினார். மெழுகுவத்தி அணைத்த வாசனை. "இது பிபி. எல்லாரும் நைலான்னுதான் கேப்பாங்க, இதத்தான் வாங்கிட்டுப் போவாங்க. உனக்கு இது வேணாம்" என்றார். சோதித்துப் பார்க்க இரண்டிலும் வாங்கினேன். பாய் சொன்னது சரி. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால், பிபி என்கிற பாலிப்ரொப்பிலீன் 0.91, நைலான் 1.14. கணியம்பாடி பக்கம் மாமனார் கிணற்றில் இரண்டு துண்டையும் போட்டு, காற்றுக் குமிழியைப் பிழிந்துவிட்டுப் பார்த்தேன். பிபி மேலேயே மிதந்தது, நைலான் நேராக அடிக்குப் போனது. பிபி வெயிலிலும் சீக்கிரம் நைந்துபோகும். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் காயப்போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

பாய் கொடுத்த நைலான் நல்ல சரக்குதான், பைக்கு. மீட்டர் 35 ரூபாய். ஆனால் மெத்தென்று இருந்தது. நைலான் தண்ணீர் குடிக்கும், குடித்தால் இன்னும் தளர்ந்துவிடும். படகு ஆடும்போது கையை நுழைக்கத் தோள்பட்டையைத் தேடினால் அது துவண்டு முதுகோடு ஒட்டிக் கிடக்கும். இடுப்பில் முறுக்கிக்கொண்டு வரும். அறுந்துபோகுமோ என்ற பயம் இதில் வேண்டாம். 2 இன்ச் நைலான் நாம் சுமக்கிற பாரத்துக்கெல்லாம் அறாது. நாடாவில் பார்க்க வேண்டியது விறைப்பு.

இது புரிவதற்கு முன்னால் ஒரு தப்பு செய்தேன். பழைய கார் சாமான் விற்கும் ஓர் இடத்தில் சீட் பெல்ட் வாங்கி ஹார்னஸ் கட்டினேன். காரில் உயிரைக் காப்பாற்றுகிற பெல்ட்டாயிற்றே என்ற எண்ணம். அது பாலியெஸ்டர், வலுவுக்குக் குறைவில்லை, தண்ணீரும் குடிக்காது. ஆனால் மெல்லியது, வழவழப்பு. 12 மீட்டர் ஆழத்தில் வலது தோளில் நாடாவைக் கோர்த்துப் பிடிக்கும் ஸ்லைடர் தானாக இறங்கி, சாமான் மாட்டும் டி-ரிங் வளையமும் அதில் மாட்டிய டார்ச்சும் வயிற்றுப் பக்கம் வந்துவிட்டன. இடுப்பு பக்கிளும் நெகிழ்ந்து சிலிண்டர் இடது பக்கம் சாய்ந்தது. கூட வந்த பயிற்சியாளர் பிடித்து இழுத்துக் கட்டினார். மேலே வரும்வரை ஒரு கையால் பக்கிளைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் டைவிங்குக்கென்றே நெய்த விறைப்பான நைலான் நாடாவை வரவழைத்தேன். பாய் கடை விலையைப் போல பத்து மடங்கு. கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. ஒரு அடி நீளத்தை நுனியில் பிடித்தால் குச்சி மாதிரி நீட்டி நிற்கிறது, தொங்கவில்லை. நெசவு நெருக்கம், மேற்பரப்பு சொரசொரப்பு, கனம் இரண்டரை மில்லிமீட்டருக்குக் கிட்ட.

பிபியை விட்டுவிட்டு மற்ற மூன்று நாடாவையும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி ஸ்லைடரை மாட்டி, 20 கிலோ தொங்கவிட்டேன். தோலில் குறிபோடும் சில்வர் பேனாவால் ஸ்லைடரின் இரண்டு பக்கமும் கோடு. நூறு தரம் ஆட்டிவிட்டுப் பார்த்தேன். சீட் பெல்ட்டில் ஸ்லைடர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பாய் கொடுத்த நைலானில் ஒரு நூல் அளவு. புது நாடாவில் கோடு கோட்டிலேயே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. புதிதில் ஸ்லைடரில் கோர்க்க விரல் நோகும். கழுத்தோரம் தோல் உரசி இரண்டு டைவ் சிவந்திருந்தது. நனைந்து காய்ந்து பழகிய பிறகு ஓரம் மட்டும் இளகியது, நடு விறைப்பு போகவில்லை. நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சூடான சால்டரிங் அயர்னால் சாய்வாக அறுங்கள், உருகிய விளிம்பில் முள் நிற்காமல் கரண்டியின் முதுகால் அழுத்தி விடுங்கள். பக்கிளில் நுழைக்கும்போது அந்தச் சாய்வின் அருமை தெரியும்.

22 டைவ் முடிந்தது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துகிறேன். இல்லாவிட்டால் நெசவுக்குள் உப்பு கட்டி நறநறக்கும். போன மாதம் கழுத்துத் துளை பக்கம் நாடாவின் ஓரம் லேசாகப் பிசிறடித்திருந்தது. கம்மவான்பேட்டையில் எங்கள் மாமா ஒருவர் ராணுவத்தில் இருந்தவர், "நடுவைப் பாக்காதடா, ஓரத்தைப் பாரு" என்பார். அவர் சொன்னபடி தடவிப் பார்த்ததில் அகப்பட்டது. குற்றம் நாடாவில் இல்லை, தகட்டுத் துளையின் விளிம்பு கூராக இருந்திருக்கிறது. நயமான அரத்தால் தேய்த்து, பழைய துணியை இழுத்துப் பார்த்தேன், மாட்டவில்லை. பிசிறு கூடினால் மாற்ற மூன்றரை மீட்டர் சுருள் இன்னொன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.