வளையா, கூடா? ஒரே காட்டில் மூன்று குட்டிக் கொறிணிகள்

இங்கிலாந்தின் ஓக் மரங்களும் ஹேசல் என்னும் கொட்டைச் செடிகளும் வளரும் காடுகளில் மூன்று குட்டிக் கொறிணிகள் அக்கம்பக்கமாக வாழ்கின்றன: காட்டுச் சுண்டெலி, பேங்க் வோல் (குட்டை வாலுள்ள எலி மாதிரி), ஹேசல் டார்மௌஸ் (மரமேறும், ரோம வாலுள்ள எலி மாதிரி). மூன்றும் ஏறத்தாழ 20 கிராம் எடைதான். எங்கே தங்குவது, யாரை அண்டவிடுவது என்பதில்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

எல்லைத் தகராறில் கறாரானது வோல். இனப்பெருக்கக் காலத்தில் ஒவ்வொரு பெண்ணும் ஒரு துண்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற பெண்களை விரட்டும். ஆண்கள் சுற்றும் பரப்பு பெரிது. ஒன்றின் பரப்பு இன்னொன்றின் மேல் படியும். இடம் கிடைக்காத இளம்பெண் வோல்கள் பருவமடைவதையே தள்ளிப்போடும். போலந்தின் ஏரித் தீவு ஒன்றில் இதைக் கவனித்துச் சொன்னவர் ஆய்வாளர் கப்ரியேலா புயல்ஸ்கா. ஆக, எத்தனை தாய்கள் குட்டி போடலாம் என்பதைத் தீனி மட்டும் முடிவுசெய்வதில்லை, நிலமும் முடிவுசெய்கிறது. கூடு ஆழமில்லாத வளையில், பாசியும் புல்லும் வைத்து. அடர்ந்த புதர் மறைப்பு இல்லாத இடத்தில் வோலுக்குப் பிழைப்பு கஷ்டம்.

காட்டுச் சுண்டெலி இதற்கு நேர்மாறு. வேர்களுக்கடியில் வளை தோண்டி, தூங்க ஓர் அறை, கொட்டைகளைச் சேர்க்க ஓர் அறை என்று வைத்துக்கொள்ளும். குட்டி போடும் காலத்தில் பெண்கள் ஓரளவு விலகியிருந்தாலும், குளிர்காலத்தில் பல எலிகள் ஒரே வளையில் ஒண்டிக்கொள்ளும். திறந்த வயலுக்கும் துணிந்து போகும். அங்கே இலை, குச்சி போன்றவற்றை அடையாளமாக நகர்த்தி வைத்துக்கொண்டு தேடுவதாக 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கட்டட வேலையில் டார்மௌஸை மிஞ்ச ஆளில்லை. ஹனிசக்கிள் கொடியின் பட்டையை நார்நாராக உரித்துப் பந்துபோல் பின்னி, வெளியே பச்சை இலை போர்த்தும். கோடை முழுக்க வாசம் புதரிலும் கிளையிலும்தான், தரைக்கு இறங்குவது அபூர்வம். ஆனால் அக்டோபர் வாக்கில் இறங்கி, சருகுக்கடியில் ஏப்ரல் வரை உறங்கும். தரையில் ஈரமும் குளிரும் சீராக இருப்பதால் உடல்கொழுப்பு மெல்லத்தான் கரையும். சரி, மிதிபடும் ஆபத்து? அதையும் ஏற்றுத்தான் உறங்குகிறது.

இவ்வளவு நேர்த்திக்கு விலை உண்டு. நல்ல காட்டிலும் ஹெக்டேருக்குச் சில டார்மௌஸ்களே இருக்கும். கிளைக்குக் கிளை தொடர்பு அறுந்தால் சிக்கல். மனிதர் மாட்டும் கூட்டுப்பெட்டிகளில் வாசலை மரத்தண்டைப் பார்த்து வைப்பதும் அது தண்டிலேறி வர வசதியாகத்தான். அங்கேயும் மஞ்சள்கழுத்துச் சுண்டெலி புகுந்து இடத்தைப் பிடித்துவிடுவது உண்டு.

எனவே தாக்குப்பிடிப்பதில் என் ஓட்டு காட்டுச் சுண்டெலிக்கே. டார்மௌஸ் நிலைக்க வேண்டுமானால், ஹேசலை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் பழைய முறையை, காட்டின் ஒவ்வொரு பகுதியாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மொத்தமாக ஒரே வருஷத்தில் வெட்டினால் அதற்கு ஒதுங்க இடமிருக்காது.