கப்பல் டிக்கெட்டில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது?

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு உல்லாசக் கப்பலில் போகலாமா என்று சிங்கப்பூரில் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். மூன்று இரவு, நல்ல விலை, தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு ஏஜென்ட் போட்டுத் தருகிறாராம். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020இல் நான் எப்படி ஏமாந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு அவர் பாடு.

அப்பா அம்மாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். திருச்சியிலிருந்து வரவழைத்து, மார்ச் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் என்று ஒரு சுற்று கூட்டிப் போகலாம் என்று திட்டம். நான், மனைவி, பையன், அப்பா, அம்மா. இரண்டு கேபின். மொத்தம் 3,640 வெள்ளி. அதில் பயணக் கட்டணம் 2,900, துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் 740. கப்பல் கம்பெனியின் இணையதளத்திலேயே போட்டிருக்கலாம். ஆனால் ஏஜென்ட் நம்ம மன்னார்குடிப் பக்கம். "அண்ணே, பெரியவங்க வர்றாங்க, கீழ் டெக்கில் ஆட்டம் இல்லாத கேபினா நான் பாத்துத் தரேன், நீங்க பேநவ்ல அனுப்பிவிடுங்க" என்றார். ஜனவரி 11ஆம் தேதி பணம் போனது. கார்டில் அல்ல, பேநவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் நேராக அவருடைய கணக்குக்கு. முதல் தப்பு அது. கார்டில் கட்டியிருந்தால் பின்னால் வங்கி மூலமாகத் தகராறு எழுப்ப ஒரு வழியாவது இருந்திருக்கும்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கொரோனா வந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் ஜப்பானின் யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்தி, 3,711 பேரை உள்ளேயே தனிமைப்படுத்தினார்கள். கடைசியில் 712 பேருக்குத் தொற்று. ஜன்னல் இல்லாத கேபின்காரர்களை முறை வைத்து டெக்கில் காற்று வாங்க விட்டதைச் செய்தியில் பார்த்தபோதுதான் எங்களுடைய 'ஆட்டம் இல்லாத கேபின்' ஞாபகம் வந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டுமே ஜன்னல் இல்லாதவை.

இங்கே பிப்ரவரி 7 அன்று நோய்ப் பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தினார்கள். மறுநாளே ஏஜென்டைக் கூப்பிட்டு ரத்து செய்துவிடலாமா என்றேன். "இப்ப கேன்சல் பண்ணா பாதி போயிடும்ணே. கம்பெனியே கேன்சல் பண்ணட்டும், முழுசா வரும். பொறுங்க" என்றார். யோசித்தால் அது நியாயமான யோசனைதான், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே மூச்சில் 92 வெள்ளிக்கு ஒரு பயணக் காப்புறுதியையும் தலையில் கட்டினார். "கொரோனாவுக்கும் சேர்த்துத்தான்" என்றார். பாலிசியைப் பிரித்துப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறகு கேட்டபோது காப்புறுதிக்காரர்கள் சொன்னது: ஜனவரி இறுதியிலேயே கோவிட்டை 'ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு' என்று வகைப்படுத்திவிட்டோம், அதற்குப் பின் வாங்கிய பாலிசியில் இதற்குக் காசு கிடையாது. தீப்பிடித்த பிறகு வீட்டுக்குக் காப்புறுதி எடுத்த கதை. விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

மார்ச் 9 அப்பா அம்மா வந்து இறங்கினார்கள். அந்த வாரம்தான் கோஸ்டா பார்ச்சூனா கப்பலை புக்கெட்டும் ஏற்கவில்லை, பினாங்கும் ஏற்கவில்லை. 10ஆம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. நாங்கள் போக இருந்த அதே இரண்டு ஊர்கள்! துறைமுகம் அனுமதிக்காவிட்டால் கப்பல் வேறெங்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம், அதற்கு நஷ்ட ஈடு கிடையாது என்று டிக்கெட் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கிறது. பினாங்கு என்று நம்பி நாம் காசு கட்டுகிறோம். அவர்கள் விற்பது கேபினை மட்டும்தான்.

13ஆம் தேதி சிங்கப்பூர் எல்லா உல்லாசக் கப்பல்களுக்கும் துறைமுகத்தை மூடியது. எங்கள் பயணம் 15ஆம் தேதி. கம்பெனி ரத்து செய்தது. 'அப்பாடா, முழுப் பணம்' என்று இருந்தேன்.

ஏஜென்ட் இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது சொன்னார்: "கம்பெனி கேஷ் தரலைண்ணே. எல்லாருக்கும் கிரெடிட்தான். ஆனா 125 சதவீதம்! உங்களுக்கு லாபம்." கிரெடிட் என்றால் பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவு. நானும் நம்பினேன். அப்போது அதையெல்லாம் துருவிப் பார்க்கும் நிலையில் வீடு இல்லை. 22ஆம் தேதி இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. பத்து நாளுக்கென்று வந்த பெரியவர்கள் இந்திய அரசு மீட்புக்கு விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஊர் திரும்பியது ஜூலையில். அப்பா கொண்டு வந்த சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் பதினைந்து நாளுக்கானவை. அட்டையில் நாலு மாத்திரை மிச்சமிருந்தபோது அவர் அதை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இங்கே மருத்துவரைப் பார்த்து வேறு பெயரில் அதே மருந்தை வாங்கினோம். தரையில் இருந்ததால் அது முடிந்தது. டயமண்ட் பிரின்சஸில் அடைபட்டவர்களும் மருந்து தீர்ந்துதான் தவித்தார்கள். கப்பலோ விமானமோ, பெரியவர்களோடு போகிறவர்கள் ஒரு மாத மருந்தும் மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டும் கையில் வைத்திருங்கள். சூட்கேசில் அல்ல, கைப்பையில்.

கதை மறுபடி கிளம்பியது 2021 அக்டோபரில். எங்கும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு இதே கரைக்குத் திரும்பும் பயணங்கள் 2020 நவம்பரிலிருந்து நடந்துகொண்டிருந்தன: பாதி ஆட்கள்தான், ஏறும் முன் பரிசோதனை, யார் யார் அருகில் இருந்தார்கள் என்று பதியும் டிரேஸ்டுகெதர். சரி, கிரெடிட்டைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, கிரெடிட் குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்கு ஆள். பெயர் மாற்ற முடியாது. அப்பா அம்மா பங்கான 1,500 வெள்ளி அவர்கள் பெயரில் கிடந்தது. அவர்களோ திருச்சியில். இந்தப் பயணங்களோ அப்போது இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். காலாவதி 2022 மார்ச் 31. போதாததற்கு, 125 சதவீதம் என்பது பயணக் கட்டணத்துக்கு மட்டும்தானாம். அப்படியானால் அந்த 740 எங்கே?

அலுவலகத்தில் காபி கலக்கிக்கொண்டே இதைப் புலம்பியபோது, சக ஊழியர் ஒருவர், சீனப் பெண்மணி, "அதே கப்பல், அதே தேதிதான் நாங்களும். எங்களுக்கு முழுப் பணமும் கார்டுக்கே வந்துவிட்டதே" என்றார். நேரடியாகப் போட்டவர். கம்பெனி அனுப்பிய மின்னஞ்சலைத் தேடி எடுத்துக் காட்டினார். மூன்று தேர்வுகள்: வேறு தேதி, 125 சதவீதக் கிரெடிட், முழுப் பணம். ஏப்ரல் 30க்குள் ஒன்றைக் குறித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கிரெடிட்.

எனக்கு அந்த மின்னஞ்சல் வரவேயில்லை. ஏன் வரவில்லை? வீட்டுக்கு வந்து பழைய உறுதிச்சீட்டை எடுத்தேன். ஐந்து பேர் பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி. பயணியின் மின்னஞ்சல் என்ற கட்டத்தில் ஏஜென்டின் முகவரி. பயணியின் தொலைபேசி என்ற இடத்தில் அவருடைய கடை எண். கம்பெனியைப் பொறுத்தவரை நான் என்றால் அவர்.

கம்பெனியின் எண்ணுக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்ட பிறகு வந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: 2020 ஏப்ரல் 6 அன்று உங்கள் சார்பில் கிரெடிட் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் மே மாதமே ஏஜென்ட் கணக்குக்குப் போய்விட்டது. காரணம் எளிது என்று நினைக்கிறேன். பணமாகத் திருப்பினால் கமிஷன் போய்விடும், கிரெடிட் என்றால் நிற்கும். 740ஐக் கேட்க ஆளில்லை.

ஏஜென்டிடம் கேட்டேன். முதலில் "அப்படியா?" என்றார். பிறகு "கணக்குப் பாக்கணும்". பிறகு கொரோனாவில் கடை பட்ட பாடு. அது உண்மைதான், தெருவுக்கே அந்தப் பாடு. ஆனால் என் பணத்தில் கடை நடத்துகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் மூவர் கிரெடிட்டை டிசம்பரில் பயன்படுத்திவிட்டோம். கப்பலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன் மட்டும் "எங்கேயும் போகலையேப்பா" என்றான். கிரெடிட் வைத்திருக்கிறவர்கள் சும்மா வைத்திருக்காதீர்கள். அது நாம் கம்பெனிக்குக் கொடுத்த வட்டியில்லாக் கடன். 2022 ஜனவரியில் கெந்திங் ஹாங்காங் நிறுவனத்தைக் கலைக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அப்போது இங்கே ஓடிய வேர்ல்ட் டிரீம் கப்பல் அந்தக் குழுமத்தினுடையது. கம்பெனி கவிழ்ந்தால் 125 சதவீதம் என்பதற்கெல்லாம் அர்த்தமில்லை.

குழுவில் ஒருவர் கேட்டார், கப்பலில் யாருக்காவது தொற்று வந்தால் என்ன ஆகும் என்று. 2020 டிசம்பரில் இங்கிருந்து போன குவான்டம் ஆப் தி சீஸ் கப்பலில் ஒரு முதியவருக்குத் தொற்று என்று பாதியில் கப்பலைத் திருப்பினார்கள். எல்லோரும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் கேபினில். கடைசியில் அவருக்குத் தொற்றே இல்லை. 2022 ஜனவரித் தொடக்கத்தில் மும்பையிலிருந்து கோவா போன கப்பலில் 66 பேருக்கு வந்து, கப்பலையே திருப்பி அனுப்பினார்கள். தடுப்பூசி போட்டவர்களும் கப்பல் பயணத்தைத் தவிருங்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 டிசம்பர் 30 அன்று சொல்லியிருந்தது. அப்படியும் போகிறீர்கள் என்றால், திரும்பிய பின் ஒரு வாரத்துக்கு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் வழக்குக்கு வருகிறேன். முதலில் பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதினேன். அவர்கள் கடிதத்துக்கு ஏஜென்ட் பதில் போடவில்லை. பிறகு சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகவே பதிந்தேன். 740 வெள்ளியோடு, அப்பா அம்மாவுக்காக நான் கட்டிய பயணக் கட்டணம் 1,200 வெள்ளியும் (அதுதான் 125 சதவீதத்தில் 1,500 ஆனது). கட்டணம் 10 வெள்ளி, வக்கீல் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும், 2020 மார்ச், ஏப்ரலில் மாட்டிய எனக்கு அப்போது நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நோட்டீஸ் போன அன்று சாயங்காலமே 740 பேநவ்வில் வந்துவிட்டது, கூடவே ஒரு குரல் செய்தி: "கோவிச்சுக்காதீங்கண்ணே, நம்ம ஊர்க்காரங்க நாம." மீதி 1,200க்கு மறுமாதம் வரச் சொன்னார்கள்.

குழுவில் கேட்டவர் இன்று காலை தன் உறுதிச்சீட்டை எனக்கு அனுப்பினார், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி. வேறு ஏஜென்ட், வேறு கப்பல். பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி, தேதி சரி. மின்னஞ்சல் கட்டத்தில் கடையின் முகவரி.