பிறை பக்கம் பிஎல்சி மாத்த ஆள் கூப்பிடுறவங்க கொஞ்சம் பாத்து

பிறை, புக்கிட் மின்யாக் பக்கம் பை வெட்டுற மெஷின் வெச்சிருக்கவங்க இத படிச்சிட்டு போங்க. பேர் போடல, பழைய மெஷினுக்கு பிஎல்சி (மெஷின ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) மாத்தி குடுக்குற ஆளு தான்.

எங்க மெஷின்ல பிலிம் மேல ஒரு வீல் உருளும், சுத்தளவு 200 மில்லிமீட்டர், அதுல 1000 பல்ஸ் என்கோடர் (ஒரு சுத்துக்கு 1000 மின் துடிப்பு குடுக்குற சென்சார்), அப்போ ஒரு பல்ஸுக்கு 0.2 மில்லிமீட்டர். பிஎல்சில இருக்க ஹைஸ்பீட் கவுண்டர் அந்த பல்ஸ எண்ணி, கணக்கு வந்ததும் கத்தி இறங்கும். மெதுவா ஓட்டுனா கரெக்டா 1 மீட்டர், நிமிசத்துக்கு 60 மீட்டர் வெச்சா பை நீளமா வருது, அதுவும் ஒண்ணு ஒரு அளவு, தவ்கே என்னையே முறைக்கிறாரு.

அந்த பிஎல்சி ஆளு வந்து, இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்த மாத்துற பெட்டி) கெளப்புற நாய்ஸ், அதாவது மின் இரைச்சல்னு சொல்லி ஷீல்ட் கேபிள் மாத்தி காசு வாங்குனாரு. நாய்ஸ்னா இல்லாத பல்ஸும் சேரும், கணக்கு சீக்கிரம் முடியும், பை கட்டையா தானே பாஸ் வரணும்னு கேட்டேன், பதிலே இல்ல. அடுத்து என்கோடர் வீக்காம், 2000 பல்ஸ் போட்டா இன்னும் துல்லியமாம், 1,100 வெள்ளி. போட்டாச்சு, 60ல வந்த கோளாறு இப்போ 30லயே வருது லா!

அப்புறம் பாயான் லெப்பாஸ்ல ஆட்டோமேஷன் பாக்குற அண்ணன கூப்ட்டேன். லேப்டாப்ப சொருகி நேரா இன்புட் செட்டிங்குக்கு போனாரு, "தம்பி, ஃபில்டர் 0.1 மில்லிசெகண்ட்ல கெடக்கு, பாரு"ன்னாரு. 60 மீட்டர்னா வீல் செகண்டுக்கு 5 சுத்து, 5000 பல்ஸ், ஒரு பல்ஸ் 0.2 மில்லிசெகண்ட், அதுல பாதி தான் ஆன்ல இருக்கும், அதாவது அதே 0.1. அதவிட சின்ன சிக்னல ஃபில்டர் குப்பைன்னு தள்ளிடும், நம்மளது சரியா எல்லைல நிக்குது, சிலது உள்ள போகுது சிலது போகல. கவுண்டர், ப்ரோகிராம் ஒரு ரவுண்டு ஓடி முடிக்கிற ஸ்கேன் டைமுக்கு காத்திருக்காம ஹார்ட்வேர்லயே எண்ணிக்கும், ஆனா வாசல்லயே பல்ஸ நிறுத்துனா அது எத எண்ணும்? கணக்கு லேட்டா முடியும், பை நீளமாயிடும். 2000 போட்டா அந்த ஆன் நேரமும் பாதியாயிடும், அதான் இன்னும் மோசம். 10 மைக்ரோசெகண்டுக்கு மாத்துனாரு, பழைய என்கோடரையே திருப்பி மாட்டி 60ல ஓட்டுறோம். அண்ணன் ஒரு தே தாரேக்கோட கெளம்பிட்டாரு.

காச திருப்பி கேட்டா மாட்டுன சாமானுக்கு ரிட்டர்ன் இல்லையாம், இப்போ ப்ளூ டிக் மட்டும் வருது. பயனீட்டாளர் தீர்ப்பாயம் போலாம்னா அது வீட்டுக்கு வாங்குற சாமானுக்கு தான். முழு பணம் குடுக்குறதுக்கு முன்னாடி புல் ஸ்பீட்ல ஓட்டி டேப் வெச்சு அளங்க, இன்புட் ஃபில்டர் எவ்ளோன்னு ஸ்கிரீன்ல காட்ட சொல்லுங்க.

அந்த 2000 பல்ஸ் என்கோடர் சும்மா தான் கெடக்கு, பாதி விலைக்கு யாருக்காவது வேணும்னா பிஎம் பண்ணுங்க.